ஒன்பது களவு

பாலக்காட்டில் அந்தப் போலீஸ் கச்சேரி எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்லி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. மழைக்காலத்தில் ஒழுகும், கோடையில் வேகும், மற்ற நாட்களில் காகிதம் மக்கும் வாடை அடிக்கும். அதில் குற்றக் கணக்குக் குமாஸ்தாவாகப் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் கல்பாத்தி ராமசேஷன். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் ஒரு திருடனையும் நேரில் கண்டதில்லை. ஆனால் எந்த மாதத்தில் எத்தனை திருட்டு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

வேலை இதுதான். பன்னிரண்டு ஸ்டேஷன்களிலிருந்து மாதாமாதம் வழக்குப் பட்டியல் ஒன்று வரும்; பட்டி என்பார்கள். வழக்குக்கு ஒரு வரி: நம்பர், தேதி, புகார் கொடுத்தவர் பெயர், போன பொருள். கடைசியில் ஒரு கட்டம் உண்டு. அதன் தலையில் ‘முடிவு’ என்று மலையாளத்தில் அச்சடித்திருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்து, வழக்கு மெய்யா பொய்யா என்று பிரித்துக் கூட்டுவார் ராமசேஷன். வருஷக் கடைசியில் எல்லாம் ஒரே அட்டவணையாகத் துரையின் கையெழுத்தோடு மேலே போகும். மேலே இருப்பவர்கள் அதை ஜில்லாக் கணக்கில் சேர்த்து மதராசுக்கு அனுப்புவார்கள். ராஜதானி முழுவதும் ஒரு வருஷத்தில் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்த அக்கிரமம் அத்தனையும் அங்கே ஒரே புத்தகமாக அச்சாகும்.

1912-ஆம் வருஷத்துப் புத்தகம் மறுவருஷம் ஆனி மாதம் வந்து சேர்ந்தது. அதில் ராமசேஷனின் வாக்கியம் ஒன்று இருந்தது. இங்கிலீஷில் அவரே எழுதியது. துரை படித்துப் பார்த்துத் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். மதராசில் ஒரு கமாவைக்கூட மாற்றாமல் அச்சடித்துவிட்டார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “கிழக்கு எல்லையோரக் கிராமங்களின் குடிகள் பொய்ப் புகார் கொடுக்கும் பழக்கம் உடையவர்கள் என்று தெரிகிறது.”

புத்தகத்தை அங்கவஸ்திரத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவி ஜானகியம்மாளிடம் காட்டினார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அர்த்தத்தைச் சொன்னார்.

“கிழக்கே நமக்கு யாரைத் தெரியும்?” என்றாள் அவள்.

“யாரையும் தெரியாது.”

“பின்னே அவா பொய் சொல்றான்னு எப்படித் தெரியும்?”

“கணக்கு சொல்றது.”

கணக்கு சொன்னது வாஸ்தவம்தான். மற்றப் பதினோரு ஸ்டேஷன்களிலும் சேர்த்து வருஷம் முழுவதும் பொய்ப் புகார் நாலு. வடகரப்பதிப் பக்கம், கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய கருங்கல்மேட்டு ஸ்டேஷனில் மட்டும், ஐப்பசி தொடங்கி மூன்றே மாதத்தில் ஒன்பது. ஒன்பது பேர் வரிசையாக வந்து, போகாத மாட்டைப் போச்சு என்றும் காணாமல் போகாத அண்டாவைக் காணோம் என்றும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஜனங்களைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதாமல் வேறு யாரைப் பற்றி எழுதுவது?

வாக்கியம் அச்சோடு நின்றிருந்தால் சரி. மதராசில் யாரோ அதைப் படித்தும் விட்டார்கள். ஆடி பிறக்குமுன் ஒரு உத்தரவு வந்தது. பொய்ப் புகார் கொடுத்தவர்கள்மேல் இந்தக் கச்சேரி ஏன் வழக்குப் போடவில்லை, ஒருவர்மேலாவது போட்டால்தானே மற்றவர்களுக்குப் பயம் வரும் என்று அதில் கேட்டிருந்தது.

தலைமைக் குமாஸ்தா சங்குண்ணி மேனோன் உத்தரவை ராமசேஷன் மேஜைமேல் போட்டார். மேனோன் நல்ல மனுஷர். அடுத்த வருஷம் பென்ஷனில் போகிறவர். அவருடைய நாற்காலி ராமசேஷனுக்குத்தான் என்பது கச்சேரியில் எல்லாருக்கும் தெரியும்.

“ஒன்பதில் ஒன்றை எடுத்துக் கொடு. வம்பில்லாத ஒன்றாகப் பார்” என்றார் மலையாளத்தில்.

ராமசேஷன் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒன்பது வரிகளையும் மேலிருந்து கீழே பார்த்தார். ஸ்டேஷனிலிருந்து கேட்டு வாங்கிய விவரப்படி முதல் ஆள் மணியக்காரரின் மைத்துனன். அடுத்தவனுக்கு அண்ணன் தம்பி ஐந்து பேர். இப்படித் தள்ளிக்கொண்டே வந்தவர் ஆறாவது வரியில் நின்றார். மருதாத்தாள், விதவை, எருது ஒன்று. கேட்க ஆள் இருக்காது, வக்கீல் வைக்க மாட்டாள். பக்கத்தில் ஒரு சின்ன டிக் போட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. அது போதுமானதாக இருந்தது. பத்து நாளில் மருதாத்தாளுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து சம்மன் போயிற்று. பொய்ப் புகார் என்று ருசுவானால் ஆறு மாதம்வரை உள்ளே போடலாம்.

சம்மன் தேதிக்கு ஒரு வாரம் முன்னால், மத்தியானம் சேவகன் மிக்கேல்ராஜ் உள்ளே வந்து, யாரோ ஒரு அம்மாள் வாசலில் நிற்கிறாள், போகச் சொன்னால் போகவில்லை என்றான். சேலையெல்லாம் செம்மண் புழுதியாக, நாற்பது வயசுக்காரி ஒருத்தி வந்து நின்றாள். சம்மனை நாலாக மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். முந்தின நாளே கிளம்பி, வழியில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கி, பாக்கித் தூரத்தையும் நடந்தே வந்திருக்கிறாள்.

“நீதான் மருதாத்தாளா?”

“ஆமாங்க சாமி.”

“தேதி அடுத்த வாரம். அதுவும் கோர்ட்டுலே. இங்கே என்னத்துக்கு வந்தே?”

“தெரியுமுங்க. நான் பொய் சொன்னன்னு போட்டிருக்குதாமா. அதை ஆரு சொன்னாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

இப்படி ஒரு கேள்வியை அந்தக் கச்சேரியில் அதுவரை யாரும் கேட்டதில்லை. ராமசேஷனுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. சொல்லு, என்ன நடந்தது என்றார்.

“எருது ரெண்டுங்க. ஒண்ணு மயிலை, ஒண்ணு செவலை. ஐப்பசியில மயிலைய ஓட்டிட்டுப் போய்ட்டானுங்க. கட்டியிருந்த தும்பை அறுத்துப் போட்டிருந்துச்சுங்க. ஏட்டய்யா வந்து பார்த்தாருங்க, எழுதிக்கிட்டாருங்க. ரெண்டு மாசங் கழிச்சு என்னாச்சுங்கன்னு போய்க் கேட்டா, மேலிருந்து முடிச்சுப்போட்டாங்கன்னாருங்க. ஒத்தை எருதைப் பூட்டிக் கெணத்துல கவலைத் தண்ணி எறைக்க முடியுமுங்களா? கெணத்துல தண்ணி கெடக்குது, காட்டுல வெள்ளாமை பூராக் காஞ்சு போச்சுங்க. இப்ப என்னையும் உள்ள போட்டுட்டாங்கன்னா அந்தச் செவலைக்கு ஆருங்க தண்ணி காட்டுவாங்க?”

ராமசேஷன் எழுந்து அலமாரியிலிருந்து கருங்கல்மேட்டுப் பட்டியை எடுத்து வந்தார். இந்த மாதிரி ஜனங்களுக்கு வாயால் சொன்னால் போதாது, காகிதத்தைக் காட்டினால்தான் அடங்குவார்கள் என்பது அவர் எண்ணம். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்றாலும் விரலை வைத்துக் காட்டினார்.

“இதோ பார். இது நான் எழுதினதில்லை. உங்க ஸ்டேஷன் ஏட்டு நாச்சிமுத்து, அவன் கையாலே தமிழ்லே எழுதி அனுப்பியிருக்கான். உன் பேருக்கு நேரே என்ன போட்டிருக்கு தெரியுமா? களவுன்னு போட்டிருக்கு.”

மருதாத்தாளின் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆமாங்க சாமி! களவுதானுங்க!”

ராமசேஷன் திடுக்கிட்டார். “களவுதானா?”

“களவேதானுங்க. ஊருக்கே தெரியுமுங்க. ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

பதினோரு வருஷக் கணக்கில் எவ்வளவோ பொய்ப் புகார்களைக் கூட்டிக் கழித்தவர் அவர். ஒருத்தி வந்து இத்தனை சந்தோஷமாக ஒப்புக்கொண்டதாகக் கேள்விப்பட்டதுகூட இல்லை. கையோடு ஒரு தாளை எடுத்து, ‘புகார்க்காரி தன் புகார் களவு என்று எனக்கு முன்பாகத் தானே ஒப்புக்கொண்டாள்’ என்று மலையாளத்தில் எழுதினார். மிக்கேல்ராஜைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். மருதாத்தாள் கேட்காமலேயே கட்டை விரலை நீட்டினாள்.

“எழுதீட்டீங்களா சாமி?”

“எழுதியாச்சு.”

“நீங்க நல்லா இருக்கோணுமுங்க” என்று கும்பிட்டுவிட்டு, வந்த வழியே நடந்து போனாள்.

மறுநாள் காலையில் ராமசேஷன் வீட்டு வாசலில் சண்டை. பால் தண்ணீராக இருக்கிறது என்று ஜானகியம்மாள் பால்காரியைப் பிடித்துக்கொண்டாள். கல்பாத்தி அக்கிரகாரத்துத் தமிழ் நூற்றாண்டுக் கணக்கில் மலையாளத்தோடு ஒட்டி உறவாடிய தமிழ். அங்கே தண்ணீரை வெள்ளம் என்பார்கள்.

“மூணு நாளா இதே களவாக்கும் சொல்லிண்டிருக்கே! கன்னுக்குட்டி குடிச்சுடுத்தாம். பாலைக் குடிச்ச கன்னுக்குட்டி வெள்ளத்தையும் கலந்து வெச்சுட்டுப் போச்சோ?”

ராமசேஷன் உள்ளே நெற்றிக்கு இட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. வாசலுக்கு வந்தார்.

“ஜானகி, இப்போ என்ன சொன்னே?”

“களவு சொல்றாள்னேன்.”

“களவுன்னா என்ன?”

“இதென்ன கேள்வி? பொய்தான்.”

“உன் தங்கை கும்பகோணத்திலேருந்து வந்திருந்தாளே, அவளிடத்திலே இப்படிச் சொன்னா?”

“அதை ஏன் கேக்கறேள். அவ பிள்ளை களவு சொல்றான்னு ஒரு தரம் சொல்லப்போய், என் பிள்ளை உங்காத்திலே எதைத் திருடினான்னு ரெண்டு நாள் சாப்பிடாம மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டாளே, மறந்துபோச்சா? அவா பக்கத்திலே களவுன்னா திருட்டாம்.”

ராமசேஷன் அன்று சாப்பிடாமல் கச்சேரிக்குப் போனார். பூட்டுத் திறக்கும் வரை வாசலில் நின்றார். ஒன்பது வரிகளையும் மறுபடி பார்த்தார். இந்தத் தடவை பார்த்ததில் எல்லாம் தெரிந்தது, அதுதான் கொடுமை.

அந்த ஸ்டேஷனுக்கு ஐப்பசியில் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவன் நாச்சிமுத்து ஏட்டு. மலையாளம் வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுதி அனுப்ப அவனுக்கு விசேஷ அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த அனுமதியை எழுதியதே ராமசேஷன்தான். கடைசிக் கட்டத்தின் தலையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. என்ன வழக்கு என்று கேட்கிறார்கள் போலும் என்று நினைத்து, திருட்டு வழக்குக்கெல்லாம் அவன் ஊர் வழக்கப்படி ‘களவு’ என்று எழுதினான். மற்ற ஸ்டேஷன்களில் திருட்டுக்கு மோஷணம் என்றும் பொய்ப் புகாருக்குக் களவு என்றும் எழுதுவார்கள். அந்தக் கண்ணோடு பார்த்த ராமசேஷன் ஒன்பதையும் பொய்யில் கூட்டினார். பொய் என்று மேலிருந்து ஓலை போனதும் ஏட்டு தேடுவதை நிறுத்தினான். நேரில் போய் அறுந்த தும்பைக் கண்ணால் பார்த்தவன்தான். இருந்தாலும் மேலே இருப்பவர்களுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டான். தை மாதம் அவனைத் திரும்பக் கோயமுத்தூருக்கே மாற்றிவிட்டார்கள்.

எருது, எருது, கறவைமாடு, வெள்ளாடு மூன்று, அண்டா, மறுபடி எருது. தேதிகளை வரிசையாகப் பார்த்தால் சிறு குழந்தைக்குக்கூடத் தெரியும், ஒரே கும்பல் எல்லையோரமாக ஊர் ஊராக ஏறி வந்திருக்கிறது. ஆறாவது வரியின் பக்கத்தில் அவர் போட்ட டிக் இருந்தது. பட்டிக்கு அடியில் நேற்று எழுதிய தாள், அதில் அவளுடைய கட்டை விரல் ரேகை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அவருக்கே தெரியவில்லை.

மேனோனிடம் போய்ச் சொன்னார். மேனோன் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“வேறு யாரிடம் சொன்னாய்?”

“யாரிடமும் இல்லை ஸார்.”

“நல்லது. சொல்லாதே. வாக்கியம் அச்சாகிவிட்டது. துரை கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாக்கியத்தைப் பார்த்து மதராசிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. இப்போது நீ போய், துரை கையெழுத்துப் போட்டது தப்பு, மதராஸ் உத்தரவு தப்பு, எல்லாம் என் வீட்டுப் பாஷையால் வந்தது என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? என் நாற்காலியும் உனக்கு இல்லை.”

“அவள் ஜெயிலுக்குப் போவாள் ஸார்.”

“முதல் தடவை, பொம்பிளை. எச்சரித்து விட்டாலும் விடுவார்கள். ஒரு மாதம் போட்டாலும் போடுவார்கள். நீ பொய் சொல்ல வேண்டாம் ராமசேஷா. அவள் அப்படிச் சொன்னாளா இல்லையா?”

“சொன்னாள்.”

“அதை மட்டும் சொல்.”

அந்த ஒரு வாரமும் ராமசேஷன் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். மேனோன் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னாலே மருதாத்தாள் உள்ளே போய்விடுவாள். ஜானகியம்மாளிடம் சொல்லிப் பார்த்தார். “அந்த எருது கிடைச்சுதா?” என்று மட்டும் கேட்டாள் அவள். யாரும் தேடவில்லை என்றார்.

விசாரணை நாள் வந்தது. மருதாத்தாள் தோய்த்த சேலை உடுத்தி வந்திருந்தாள். ராமசேஷனைக் கண்டதும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரிக் கும்பிட்டாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் மலையாளி. அன்று இருபது வழக்கு இருந்தது அவருக்கு. புகார்க்காரி கச்சேரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று தாள் சொன்னதால் இதைக் கால் மணியில் முடித்துவிடலாம் என்றிருந்தார். கோர்ட்டில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளன் என்று தனியாக யாரும் இல்லை. பாலக்காட்டில் எல்லாருக்கும் எல்லாம் புரியும் என்பது ஐதீகம்.

“நீ ஸ்டேஷனில் கொடுத்த புகார் களவோ?” என்றார் அவளைப் பார்த்து.

“ஆமாங்க எசமான். களவேதானுங்க.” இத்தனை நாளாக அவள் சொன்னதையே கடைசியில் இவ்வளவு பெரிய மனுஷர் தானாகவே சொல்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூண்டில் நின்றபடியே ராமசேஷன் பக்கம் திரும்பி, “சாமிகிட்டக்கூடச் சொன்னனுங்க. அவருதானுங்க எழுதிக் குடுத்தாரு” என்று இன்னொரு கும்பிடு போட்டாள்.

மாஜிஸ்திரேட் பேனாவை மையில் தோய்த்தார். “குமாஸ்தா, இவள் உமக்கு முன்பாகவும் இப்படிச் சொன்னது நிஜம்தானே?”

ராமசேஷன் சாட்சிக் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார்.

“சொன்னது நிஜம்” என்றார்.

மாஜிஸ்திரேட் எழுதத் தொடங்கினார்.

“அவள் சொன்னதும் நிஜம்” என்றார் ராமசேஷன். பேனா நின்றது. “அவள் பாஷையிலே களவுன்னா திருட்டு. நம்ம பாஷையிலேதான் பொய். எருது திருட்டுப் போனது நிஜம்னு அவள் சொல்றாள், பொய்ன்னு நான் எழுதிண்டேன். இவளுடையது மட்டுமில்லை, ஒன்பது வழக்கை இப்படி எழுதியிருக்கேன். பட்டி இதோ இருக்கு. தப்பு என்னுடையது.”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் பட்டியை வாங்கிப் பார்த்தார், ராமசேஷனைப் பார்த்தார், பிறகு மருதாத்தாளைப் பார்த்து, “எருதுக்கு என்ன ஆச்சு? மெள்ள, வேறு வார்த்தையில் சொல்லு” என்றார்.

“ஓட்டிட்டுப் போய்ட்டானுங்க எசமான்.”

கால் மணியில் வழக்கு முடிந்தது. அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே புளியமரத்தடியில் அவள் ராமசேஷனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்தது அவளுக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. தன்மேல் வழக்கு இல்லை என்பது தெரிந்தது. இந்தச் சாமிதான் பொய் என்று முதலில் எழுதியவர் என்பதும் தெரிந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப என்ற எருதுங்க?” என்றாள்.

ராமசேஷனிடம் அதற்குக் கட்டம் இல்லை.

“மறுபடி தேடச் சொல்லி எழுதறேன்” என்றார்.

“இனிமேத் தேடுனாக் கெடைக்குமுங்களா?”

பத்து மாதம் ஆகிவிட்டது. எல்லை தாண்டிய மாடு எத்தனையோ சந்தை மாறியிருக்கும். “கிடைக்காது” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். சம்மன் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் முறைப்படி நடந்தன. ஒன்பது வழக்கையும் திருத்த வேண்டும் என்று ராமசேஷன் எழுதியது மேலே போயிற்று. அச்சான கணக்கைத் திருத்துவதற்கு விதியில்லை, வரும் ஆண்டுகளில் கவனமாக இருக்கவும் என்று பதில் வந்தது. மேனோனின் நாற்காலி ஒற்றப்பாலத்துக்காரர் ஒருவருக்குப் போயிற்று. கருங்கல்மேட்டு ஸ்டேஷனில் பட்டி எழுத இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் தேவை என்று திடீரென்று எல்லாருக்கும் தோன்றி, ராமசேஷனை அங்கே மாற்றினார்கள். ஜானகியம்மாள் கல்பாத்தியிலேயே இருந்துவிட்டாள். அவர் மாதம் ஒரு தடவை வந்து போனார்.

கருங்கல்மேட்டில் ராமசேஷன் கடைசிக் கட்டத்தை மிகவும் சரியாக நிரப்பினார். திருட்டைத் திருட்டு என்றே எழுதினார். களவு என்ற சொல்லை எந்த அர்த்தத்திலும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டார். மருதாத்தாள் மாதத்துக்கு ஒரு முறை ஸ்டேஷனுக்கு வந்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுவிட்டுப் போவாள். அவள் காடு தரிசாகக் கிடந்தது. செவலையை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களுக்குப் பாரம் இழுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

மறுவருஷம் ஆனியில் புதுப் புத்தகம் வந்தது. இந்தத் தடவை வாக்கியம் வேறு யாரோ எழுதியது. “சென்ற ஆண்டு பொய்ப் புகார்க்காரர்மேல் எடுத்த கண்டிப்பான நடவடிக்கையின் பலனாக, கிழக்கு எல்லையோரத்தில் பொய்ப் புகார்கள் அடியோடு ஒழிந்தன. ஆனால் அதே பகுதியில் கால்நடைத் திருட்டு திடீரென்று பெருகியிருக்கிறது. காரணம் விளங்கவில்லை.”

ராமசேஷன் அதை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது மருதாத்தாள் வந்தாள்.

“என்னங்க சாமி, பொஸ்தகம்?”

“சர்க்கார் புஸ்தகம்.”

“எங்களைப் பத்தி இருக்குதுங்களா?”

“இருக்கு. நீங்கள்ளாம் பொய் சொல்றதை நிறுத்திட்டேளாம்.”

அவள் யோசித்தாள். “முன்னால சொல்லிக்கிட்டிருந்தமுங்களா?”

“இல்லை.”

“அப்பறம் எப்படீங்க நிறுத்துனோம்?”

திருட்டு மட்டும் ஜாஸ்தியாயிடுத்தாம் என்றார் ராமசேஷன். மாடு மட்டும் பதினான்கு என்று எண்ணிக்கையையும் சொன்னார்.

“அந்தப் பதினாலுல என்ற மயிலை இருக்குதுங்களா?”

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. இந்தப் பதினான்கும் போன வருஷத்து மாடுகள். மயிலை போனது அதற்கு முந்தின வருஷம். அந்த வருஷத்துப் புத்தகத்தில் அது பொய் என்று ஒன்பதில் ஒன்றாக அச்சாகியிருக்கிறது. அந்தப் புத்தகம் ராஜதானியில் எத்தனை கச்சேரி உண்டோ அத்தனை கச்சேரி அலமாரியிலும் இருக்கிறது.

“இல்லை” என்றார். “போன புஸ்தகத்திலே பொய்யிலே போட்டிருக்கு. இதிலே இல்லை.”

“கட்டுத்தறியிலயும் இல்லை, பொஸ்தகத்துலயும் இல்லீங்களா?” என்றாள் மருதாத்தாள். “அப்ப எனக்கு மயிலைன்னு ஒரு எருது இருந்துச்சுன்னு இனி நான் சொன்னா, அதுதானுங்க சாமி, உங்கூர்க் களவு.”

வெளியே செவலை நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டிக்கொண்டு அவள் போனாள்.